அளக்கும் கருவியை அளத்தல்

யூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க் குழுவினர் பணித்தபோது, கந்தபுராண கலாசாரம் பற்றியோ நாவலர் பெருமானின் வசனநடை பற்றியோ நான் எழுதுவேன் என அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். தமிழாசிரியன் ஒருவனிடம் வேறெதனை எதிர்பார்ப்பது? அவ்விரு பொருள்கள் பற்றியும் என்னினும் வல்லார் பலர் முன்னைய மலர்களில் எழுதியுள்ளனர். நான் எழுத விரும்புவது விரல் நுனியைக் கவ்வும் சிறு கருவி ஒன்றினைப் பற்றி. இத்துறையில் எனக்கு யாதொரு தகுதியும் இல்லை. அக்கருவியின் சொல்லை நம்பி, அயலவர் ஒருவருக்கு ஓர் இரவு நான் கூறிய ஆறுதல் மொழியே இதனை எழுத வைக்கின்றது.

சென்ற ஆண்டு எமது விஞ்ஞான மன்றத்து மாணவர் ஐவர் ஆசிரியர் அறைக்கு வந்தனர். உடலின் துடிப்பையும் வெப்பத்தையும் மூச்சையும் அளக்கும் உணரிகள் பற்றி அவர்கள் கண்காட்சி ஒன்று வைக்க இருந்தனர். விளக்கப் பலகைகளைப் பிழையற்ற தமிழில் எழுதித் தரல் வேண்டும் என்பது அவர்கள் விண்ணப்பம். அவர்களுள் மூத்தவன் ஓர் ஐயம் எழுப்பினான். "சேர், ஒரு கருவி உண்மையான அளவைக் காட்டுவது ஒன்று. எத்தனை தரம் அளந்தாலும் அதே அளவைத் திரும்பக் காட்டுவது இன்னொன்று. நாங்கள் இரண்டையும் 'துல்லியம்' என்றே எழுதியிருக்கிறோம். பௌதிகவியல் ஆசிரியர் அது பிழை என்கிறார்." கலைச்சொற்றொகுதியை அவர்கள் பார்க்காமல் வரவில்லை. சொற்கள் அகப்பட்டன, அவற்றின் வேறுபாடு மனத்திற் பதியவில்லை.

எனக்குத் தெரிந்த உலகம் விடைத்தாள் உலகம். ஆகவே இரு பரீட்சகர்களைப் பற்றிக் கூறினேன். முதலாமவர் எவ்விடைத்தாளுக்கும் உரிய புள்ளியிலும் 8 புள்ளி கூட்டியே இடுவார். ஒருபோதும் 7 இல்லை, 9 இல்லை. இரண்டாமவர் ஒரு தாளுக்கு 10 கூட்டுவார், அடுத்த தாளுக்கு 10 குறைப்பார். மதிய உணவுக்கு முன்னும் பின்னும் வேறு வேறு மனிதர். இருவருள் எவரை இலகுவிற் பிடிக்கலாம் என்று வினவினேன். மாணவர் சிறிது சிந்தித்து, இரண்டாமவரை என்றனர். அதுவே சரியான விடை. அதே தாளை மறுநாள் அவரிடம் கொடுத்தால் அவர் குட்டு வெளிப்பட்டுவிடும். முதலாமவரையோ அவ்வாறு பிடித்தல் இயலாது. எத்தனை தரம் கொடுத்தாலும் அதே புள்ளியை இடுவார். கெட்டிக்காரன் முன்னும் மந்தன் பின்னுமாக வரிசையும் குலையாது. பிரதம பரீட்சகர் முன்னரே புள்ளி தீர்மானித்து வைத்த மாதிரித் தாளோடு ஒப்பிட்டாலன்றி அவருடைய கோணல் தெரியவே மாட்டாது. இரண்டாமவரிடம் இல்லாதது உறுதி. முதலாமவரிடம் இல்லாதது செம்மை. அவ்வாறே எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். மாணவர் மகிழ்ச்சியோடு எழுதிச் சென்றனர். முதலாம் பரீட்சகரைப் போன்ற ஒன்று என் வீட்டு மேசை இழுப்பறையிற் கிடக்கின்றது என்ற எண்ணம் எனக்கு அப்பொழுதுதான் உண்டாயிற்று.

2021 ஆம் ஆண்டின் ஆடி, ஆவணி மாதங்களை இம்மலரைப் படிப்போர் எவரும் மறந்திருக்க மாட்டார். கொவிட் நோய் ஊரெங்கும் பரவி, வைத்தியசாலைக் கட்டில்கள் நிரம்பியிருந்த காலம். வெளியே சொல்லும் வலியும் திணறலும் தோன்றுமுன்னரே குருதியில் ஒட்சிசன் குறைந்துவிடுதல் இந்நோயின் வஞ்சக இயல்பு என்று செய்திகள் கூறின. வீட்டிலுள்ளோரின் விரலில் மாட்டிப் பார்க்கும் ஒக்சிமீற்றர் என்னும் கருவியை அன்று எல்லோரும் தேடினர். எங்கள் ஒழுங்கையில் அது என் வீட்டில் மாத்திரம் இருந்தது. மருந்துக் கடையில் எஞ்சியிருந்த ஒன்றை, யார் செய்தது, எங்கு செய்தது என்று பாராது வாங்கி வந்தேன். இது வைத்தியத் தேவைக்கு உரியதன்று என்று பெட்டியின் அடியில் எறும்பு எழுத்தில் ஒரு வரி இருந்தது. அதனை நான் படித்தது பல மாதங்களின் பின்னராகும்.

அடுத்த வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தபாற்சேவகர். ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் தபால் மாமா. முப்பது ஆண்டுகள் வெயிலிற் சைக்கிள் உழக்கிய உடம்பு, கரிய மேனி, வெற்றிலைச் சிரிப்பு. ஆடி அமாவாசை கழிந்து இரண்டாம் நாள் அவருக்குக் காய்ச்சல் என்று மாமி வேலிக்கு அப்பால் நின்று கூறினார். நான் முகக்கவசம் அணிந்து சென்று, திண்ணையிற் சாய்ந்திருந்தவரின் சுட்டுவிரலில் கருவியை மாட்டினேன். சிவப்பு எழுத்தில் 95 தோன்றியது. "எவ்வளவு காட்டுது, தம்பி?" என்றார். "தொண்ணூற்றைந்து, மாமா. பயப்பட ஒன்றுமில்லை. விடியப் பார்ப்பம்" என்றேன். கருவியை அங்கேயே விட்டு வந்தேன். இரவு பத்து மணிக்கு மாமி தொலைபேசியில் 94 என்றார். அதற்கும் நான் அவ்விடையையே கூறினேன்.

விடியும்போது அவருக்குப் பேச இயலவில்லை. வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றனர். மூன்றாம் நாள் அவர் இறந்தார். மாமி கருவியை நன்றாகத் துடைத்து, அதன் பெட்டியிலேயே வைத்து, வேலிப் பொட்டுக்குள்ளால் என் மகளிடம் கொடுத்துவிட்டிருந்தார். அக்காலத்து விதிகளின்படி, பிரேதத்தின் முகத்தையேனும் ஒழுங்கையார் கண்டிலர்.

இதில் கருவியின் குற்றம் எவ்வளவு, நோயின் கொடுமை எவ்வளவு என்று எவராலும் இன்று பிரித்துக் கூற முடியாது. மாலையில் உண்மையாகவே 95 இருந்து, இரவில் விரைந்து இறங்கியிருக்கலாம். அந்நோய் அவ்வாறு செய்யவல்லது. நான் சொல்லக்கூடியது இவ்வளவே: அவருடைய மூச்சை நான் பார்க்கவில்லை. இலக்கத்தைப் பார்த்தேன்.

பதினைந்து நாள்கள் கழிந்து, நாடெங்கும் ஊரடங்கு இடப்பட்டிருந்த வேளையில், என் ஐயாவுக்குக் காய்ச்சல் கண்டது. ஐயா இக்கல்லூரியில் 1957 இல் சேர்ந்து படித்தவர். அப்பொழுது அவருக்கு அகவை எழுபத்தாறு. ஐந்தாம் நாள் இரவு கருவி 94 காட்டியது. மற்றொரு முறை மாட்ட 93. கை குளிர்ந்திருந்தது. முன்பட்ட அடி நினைவில் இருந்தபடியால், இம்முறை என் பழைய மாணவரான வைத்தியர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன். நான் இலக்கத்தைக் கூறி முடிக்குமுன் அவர் குறுக்கிட்டார். "சேர், அதை விடுங்கோ. மணிக்கூட்டைப் பார்த்து ஒரு முழு நிமிசம் மூச்சை எண்ணுங்கோ. எண்ணுறது ஐயாவுக்குத் தெரியவேண்டாம்." வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து எண்ணினேன். 32. வளர்ந்த ஒருவர் அமைதியாக இருக்கையில் நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை மூச்சு விடுதல் வழக்கம் என்பதும், 30 ஐக் கடத்தல் ஆபத்தின் அறிகுறி என்பதும் எனக்கு அன்று தெரியாது. மாணவர் என்னைத் திட்டவில்லை. "1990 இற்கு அடியுங்கோ, சேர்" என்றார்.

வைத்தியசாலையில் மணிக்கட்டின் நாடியில் ஊசி ஏற்றிக் குருதி எடுத்துச் சோதித்தனர். அதே வேளையில் விரற்கருவி 93 என்று காட்டிக்கொண்டிருக்க, குருதிச் சோதனை 87 என்று கூறியது. ஐயாவுக்கு ஒட்சிசன் கொடுத்தனர். பத்தொன்பது நாள்கள் கழித்து வீடு திரும்பினார். இன்றும் இருக்கின்றார்; வாசிகசாலைக்குப் போகும் வழியில் இரண்டு இடத்தில் நின்று இளைப்பாற வேண்டியுள்ளது.

93 இற்கும் 87 இற்கும் இடையிலிருந்த அந்த 6 என் மனத்தை விட்டு நீங்கவில்லை. இக்கருவியைச் சரிபார்ப்பவர் யார்? எதனோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கின்றனர்? விடைத்தாள் மண்டபத்தில் வளர்ந்தவனுக்கு இவ்வினா இயல்பாக எழுந்தது. மாதிரித் தாள் எங்கே? மாணவரான வைத்தியர் அனுப்பியவற்றையும் நானே தேடியவற்றையும் அகராதி துணையோடு இரண்டு ஆண்டுகள் படித்தேன். நான் விளங்கிக்கொண்டதைச் சொல்கின்றேன்.

கருவியின் தத்துவம் அழகானது. விரலின் ஒருபுறத்திலிருந்து இரு ஒளிகள் செல்கின்றன: ஒன்று 660 நனோமீற்றர் அலைநீளமுடைய சிவப்பு, மற்றது கண்ணுக்குப் புலனாகாத 940 நனோமீற்றர்ச் செந்நிறக் கீழ்க்கதிர். ஒட்சிசன் ஏற்ற குருதி சிவப்பொளியை அதிகம் செல்லவிடும். ஒட்சிசன் இழந்த குருதி அதனை விழுங்கும். மறுபுறம் வந்து சேரும் இரு ஒளிகளின் விகிதத்தைக் கொண்டு கணக்கிடலாம். ஆனால் விரலில் குருதி மாத்திரமா உள்ளது? தோல், தசை, எலும்பு, நாளத்துக் குருதி யாவும் ஒளியை விழுங்குவன. இச்சிக்கலை அவிழ்த்தவர் யப்பானிய பொறியியலாளர் தக்குவோ அஓயகி. நிகொன் கோடென் என்னும் நிறுவனத்தில் அவர் இதயம் செலுத்தும் குருதியின் அளவை ஒளிகொண்டு அறிய முயன்றபோது, நாடித்துடிப்பு அவருடைய வரைபுகளை ஓயாது நடுங்கச் செய்து தொல்லை கொடுத்தது. அத்தொல்லையை நீக்கும் வழி தேடியவர், அதுவே தமக்கு வேண்டியது என்று கண்டார். விரலுக்குள் துடிப்பது நாடிக் குருதி ஒன்றே, மற்றவை நிலையானவை. ஆகவே நடுங்கும் பகுதியை மட்டும் எடுத்து, நிலையான பகுதியைக் கழித்துவிடலாம். 1974 இல் அவர் இதனை வெளியிட்டார். உலகமே அவருடைய கருவியைத் தேடிய 2020 ஆம் ஆண்டில், ஏப்பிரல் மாதம், அவர் காலமானார்.

தத்துவம் இவ்வளவு தெளிவாயினும், விகிதத்தை இலக்கமாக மாற்றும் அட்டவணையைக் கணிதம் மட்டும் கொண்டு எழுதிவிட முடியாது. ஒளி தசைக்குள் நேர்கோட்டிற் செல்வதில்லை, சிதறுகின்றது. ஆகவே அவ்வட்டவணையை மனித உடம்பிலிருந்தே பெறவேண்டியுள்ளது. மாதிரித் தாள் ஓர் உயிருள்ள மனிதன்! ஆரோக்கியமான தொண்டர்களை ஆய்வுகூடத்தில் இருத்தி, மணிக்கட்டு நாடியில் மெல்லிய குழாய் ஏற்றி, ஒட்சிசன் குறைந்த காற்றைப் படிப்படியாகச் சுவாசிக்கச் செய்வர். ஒட்சிசன் நிறைவு 100 இலிருந்து ஏறத்தாழ 70 வரை இறக்கப்படும். ஒவ்வொரு படியிலும் விரற்கருவி காட்டும் இலக்கத்தைக் குறித்து, அதே கணத்தில் எடுத்த நாடிக் குருதியை ஆய்வுகூடப் பொறியில் இட்டு, இரண்டையும் இணை இணையாக எழுதுவர். 70 இற்குக் கீழே எந்தத் தொண்டனையும் இறக்குதல் தகாது. எனவே அதற்குக் கீழே கருவி காட்டும் இலக்கம் ஊகமேயாகும். நோயாளிகளுக்காகச் செய்யப்படும் கருவி, நோயற்ற இளைஞரின் உடம்பிற் சரிபார்க்கப்படுகின்றது என்பதையும் ஈண்டு நோக்குக.

இணைகளின் வேறுபாடுகளை வர்க்கித்து, சராசரி கண்டு, வர்க்கமூலம் எடுத்தால் வரும் எண்ணே கருவியின் வழு. அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2013 இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, விரலை ஊடறுத்து ஒளி செல்லும் கருவிகளுக்கு இவ்வெண் 3 இற்குள் இருத்தல் வேண்டும். சர்வதேச நியமம் 4 வரை இடங்கொடுத்தது. 3 என்றால் என்ன பொருள்? மூன்று அளவீடுகளில் ஏறத்தாழ இரண்டு, மெய்யளவிலிருந்து 3 புள்ளிக்குள் நிற்கும். மூன்றாவது அதற்கு அப்பாற் போகலாம். பரீட்சையிற் சித்தியடைந்த நல்ல கருவியின் இலக்கணமே இது. 94 என்ற இலக்கம் ஒரு புள்ளியன்று; 91 இலிருந்து 97 வரை நீண்டு, இருபுறமும் மங்கி மறையும் ஒரு கோடு. என் கருவியோ அப்பரீட்சைக்குத் தோற்றியதற்கான அடையாளம் எதுவும் அதன் பெட்டியில் இல்லை.

இனி, யாருடைய விரல்கள்? இவ்விடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துச் சற்று நேரம் வெளியே போய் நின்றேன். அதே 2013 வழிகாட்டி கேட்டது குறைந்தது 10 தொண்டர்கள், 200 இணைகள். அவர்களுள் கருநிறத்தோர் குறைந்தது இருவராதல் அன்றி மொத்தத்தில் 15 சதவீதமாதல், எது பெரிதோ அது. பத்துப் பேரில் இருவர். அந்த இருவரின் வழுவைத் தனியே கணக்கிட்டால் என்ன வரும்? எண்மரின் நல்ல புள்ளிகளோடு சேர்த்துச் சராசரி எடுக்கும்போது அது கரைந்துவிடும். வகுப்பில் முப்பது பேர் நன்றாக எழுதினால், விளங்காத நால்வரைச் சராசரி மறைத்துவிடுவதை ஆசிரியர் யாவரும் அறிவர்.

2020 திசம்பரில் மிச்சிக்கன் பல்கலைக்கழக வைத்தியர்கள் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதிய கடிதம் ஒன்று இச்சராசரியைப் பிளந்து காட்டியது. விரற்கருவி 92 முதல் 96 வரை காட்டிய வேளைகளில், நாடிக் குருதியின் மெய்யளவு 88 இற்குக் கீழே கிடந்தது எத்தனை தடவை என்று அவர்கள் எண்ணினர். வெள்ளையரிடத்து 3.6 சதவீதம். கறுப்பரிடத்து 11.7 சதவீதம். ஏறக்குறைய மூன்று மடங்கு. பிழை இருபுறமும் சிதறிய பிழையன்று; இல்லாத ஒட்சிசனை இருப்பதாகக் காட்டும் ஒருபக்கப் பிழை. 8 புள்ளி கூட்டியிடும் என் முதலாம் பரீட்சகர்!

இது புதிய செய்தியுமன்று. யுப்ரான், தோபின் என்னும் இரு வைத்தியர்கள் 1990 இலேயே, செயற்கைச் சுவாசத்திலிருந்த நோயாளரை ஆராய்ந்து, வெள்ளையருக்கு 92 போதுமானால் கறுப்பருக்கு 95 வேண்டும் என்று எழுதியிருந்தனர். முப்பது ஆண்டுகள் அத்தாள் நூலகத்தில் இருந்தது. பழைய தாள்களைத் தூசு தட்டிப் படிப்போர் எத்துறையிலும் குறைவு போலும்.

நீதியாகச் சொல்லவேண்டிய இரண்டு உண்டு. அவ்வாய்வுகள் அமெரிக்கரைப் பற்றியவை. அவர்கள் இனத்தைக் குறித்தனரேயன்றித் தோலின் நிறத்தை அளந்தாரல்லர். எம்மவரின் உடம்புகளுக்கு அவ்வெண்களை அப்படியே பெயர்த்தல் தவறாகும். மற்றது, தோலின் கருமை நிலையானது. அஓயகியின் முறைப்படி நிலையானவை கழிந்துபோதல் வேண்டும். ஏட்டில் அது கழிகின்றது. விரலில் முழுவதும் கழியவில்லை. கருமை ஒளியை விழுங்குவதால் வந்துசேரும் துடிப்பு மெலிகின்றது. குளிர்ந்த கையில் அது மேலும் மெலிகின்றது. நகப்பூச்சும் கையசைவும் தத்தம் பங்குக்குக் குழப்புவன. என் ஐயாவின் 6 புள்ளி நிறத்தால் வந்ததா, குளிரால் வந்ததா, கருவியின் மலிவால் வந்ததா? அறியேன். தபால் மாமாவுக்கு அந்தக் கணக்கைப் போடுதற்கு இடமே இல்லை. அவருடைய குருதியை அம்மாலை யாரும் சோதிக்கவில்லை.

2025 சனவரியில் அதே அமெரிக்க நிருவாகம் புதிய வரைவு ஒன்றை வெளியிட்டது. 10 பேர் என்ற இடத்தில் 150 பேர் அல்லது மேல் என்று அது கேட்டது. நிறத்தையும் கண்மதிப்பால் "கருமை" என்று எழுதிவிடாது, பத்துப் படிகொண்ட நிற அட்டையோடு ஒப்பிட்டுக் குறிக்கவும், வெளிறிய படியினர், இடைப்படியினர், கரும்படியினர் என மூன்று பகுதியினரும் போதிய அளவு இருக்கவும் வேண்டும் என்றது. ஒரு தமிழாசிரியனுக்கு இதில் மகிழ்ச்சி ஏன் என்று கேட்பீர்களாயின், மாதிரித் தாள்களின் கட்டில் எங்கள் தாளும் இருக்கவேண்டும் என்று ஒருவராவது எழுதிவிட்டனரே என்பதற்காக.

இவற்றையெல்லாம் மாணவருக்கு ஒரே மூச்சிற் சொல்லவில்லை. அவர்கள் தாமே கண்டுபிடிக்கட்டும் என விட்டேன். விளக்கப் பலகைகளைத் திருத்திக் கொடுத்தபோது, "கைக்கடிகாரம் நாடித்துடிப்பைச் சரியாகக் காட்டும்" என்ற வாக்கியத்தின் கீழே, "யார் பார்த்தார்?" என்று சிவப்பு மையால் எழுதினேன். அவர்கள் அதனை இலக்கணப் பிழை என எண்ணி அரைநாள் தேடினராம்.

பின்னர் மைதானத்துக்குச் சென்றோம். ஒருவன் கையில் நாடித்துடிப்புக் காட்டும் கடிகாரம். அவனே மற்றக் கையின் விரல்களை மணிக்கட்டில் வைத்து எண்ணவேண்டும். இன்னொருவன் கழுத்தில் எண்ணவேண்டும். இருக்கையில் மூன்றும் ஒத்திருந்தன. மாணவர் வெற்றி என ஆர்ப்பரித்தனர். ஓடச் செய்தபோது ஒரு விந்தை நிகழ்ந்தது. ஓடத் தொடங்கிச் சிறிது நேரத்திலேயே கடிகாரம் 164 என்றது. உடனே நிறுத்தி எண்ணியபோது துடிப்பு 130 ஐ எட்டவில்லை. காரணத்தைக் கண்டவன் கரையில் நின்ற மிருதங்க மாணவன். அவன் விரல்கள் பழக்கத்தாற் காலடிகளுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. "சேர், அவன் நிமிசத்துக்கு ஏறக்குறைய 164 அடி வைக்கிறான்!" கடிகாரம் காலின் தாளத்தை நெஞ்சின் தாளம் என்று கொண்டுவிட்டது. கை வீசும் அசைவு, தோலுக்கடியில் ஓடும் குருதியின் துடிப்பிலும் வலியது. ஒளியால் அளக்கும் கைக்கடிகாரங்களுக்கு இப்பிழை நன்கு தெரிந்த ஒன்று என்று பின்னர் படித்தோம். பௌதிகவியல் ஆசிரியர் மிருதங்க மாணவனை அன்று முதல் தம் மன்றத்திற் சேர்த்துக்கொண்டார். சங்கீத ஆசிரியருக்கு அது பிடிக்கவில்லை. அது வேறு கதை.

அடுத்து, ஒக்சிமீற்றரையும் சோதிக்க வேண்டும் என்றனர். எதனோடு ஒப்பிடுவீர்கள் என்றேன். மற்றொரு ஒக்சிமீற்றரோடு என்றான் ஒருவன். கூறிய மறுகணமே தானே நாக்கைக் கடித்துக்கொண்டான். ஒரே பாசறையிற் பயின்ற இரு பரீட்சகர்கள் ஒரே புள்ளியை இட்டால் அப்புள்ளி சரியாகிவிடுமா? மெய்யளவு நாடிக் குருதியில் இருக்கின்றது. அதனை எடுத்தல் பாடசாலைக்கு உரிய காரியமன்று. ஆகவே எம்மாற் சரிபார்க்க முடியாத கருவி என்றே அதனைப் பலகையில் எழுதினர். அதன் அருகே, கருவியின்றிப் பார்க்கக் கூடியவற்றை எழுதலாம் என்று கூறினேன்: நிமிடத்துக்கு எத்தனை மூச்சு; ஒரு முழு வாக்கியத்தை இடையில் நிறுத்தாது சொல்ல முடிகின்றதா; உதடு நீலம் பாய்ந்துள்ளதா; இன்றைய இலக்கம் நேற்றையதிலும் இறங்கியிருக்கின்றதா. இறுதியாகச் சொன்னதில் அக்கருவிக்குப் பயன் உண்டு. கோணலான பரீட்சகரும் ஒரே மாணவனின் இரு தாள்களுள் எது தாழ்ந்தது என்று சொல்லிவிடுவார். 95 இலிருந்து 94 என்று மாமி சொன்ன அவ்விரவும் எனக்கு அவ்வளவாவது தெரிந்திருக்கலாம். ஒரு புள்ளி இறக்கத்துக்குப் பொருள் சொல்ல முடியாது என்று வைத்தியர் கூறுகின்றார். அவர் என்னைத் தேற்றுவதற்காகவும் அதனைக் கூறியிருக்கலாம்.

கண்காட்சி மூன்று நாள்கள் நடந்தது. மூச்சை எண்ணும் மேசையிற் கூட்டம் மிகுந்திருந்தது. எண்ணப்படுகின்றோம் என்று தெரிந்தவுடன் எல்லோரும் மூச்சை மாற்றி விட்டு மாணவரைத் திணறடித்தனர். ஆகவே, விரலிற் கருவியை மாட்டி அதனைப் பார்க்குமாறு வந்தவரிடம் சொல்லிவிட்டு, அவர் இலக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேளையில் அவர் மூச்சை எண்ணும் தந்திரத்தை மாணவரே கண்டுபிடித்தனர். என் பழைய ஒக்சிமீற்றர் அந்த அளவுக்குப் பயன்பட்டது.

மூன்றாம் நாள் மாலை, பொருள்களைக் கட்டும்போது, மன்றத்து மாணவன் ஒருவன் அப்பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் தபால் மாமாவின் மகள்வழிப் பேரன். அவன் எங்கள் கல்லூரியிற் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இதனைப் பற்றி நாங்கள் ஒருபோதும் பேசியதில்லை.

"இது எங்கட வீட்டில இருந்தது, சேர்" என்றான்.

"ஓம்" என்றேன்.

அவன் கருவியை எடுத்துத் தன் சுட்டுவிரலில் மாட்டினான். இலக்கம் தோன்றச் சற்று நேரம் பிடித்தது. அவன் அதனைப் பார்க்கவில்லை; என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் மணிக்கூட்டைப் பார்த்து எண்ணத் தொடங்கினேன்.